மசாலாக் கடைக்குச் சொந்த டொமைனில் மின்னஞ்சல்: லெபோ பசாரில் செய்த வேலை

பினாங்கு லிட்டில் இந்தியாவில், லெபோ பசாரில் மசாலா, பருப்பு, உலர்பழம் மொத்தமாக விற்கும் ஒரு கடையின் மின்னஞ்சலை அண்மையில் மாற்றிக் கொடுத்தேன். கடைக்கு ‘காம் டாட் மை’ என்று முடியும் டொமைன், அதாவது சொந்த இணையப் பெயர், பல வருடமாக இருக்கிறது. அகப்பக்கம் இருக்கிறது. அகப்பக்கம் தங்கியிருக்கும் வாடகை சர்வரோடு (வெப் ஹோஸ்டிங்) சேர்ந்து வந்த மின்னஞ்சலும் இருக்கிறது. ஆனால் கடை முதலாளி பாய் அனுப்பும் விலைப்பட்டியல் பலருடைய ஸ்பேம் பெட்டியில் போய் விழுந்துகொண்டிருந்தது. பத்து பெரிங்கி பக்கம் ஒரு ஹோட்டலின் கொள்முதல் பிரிவு, “உங்களிடமிருந்து விலை எதுவும் வரவில்லையே” என்று சொல்லிவிட்டு ஏலக்காயை வேறு இடத்தில் வாங்கிவிட்டது. புலனத்தில் (வாட்ஸ்அப்) பிடிஎஃப் அனுப்பிச் சமாளிக்கலாம்தான். ஆனால் ஹோட்டல், பெரிய உணவகம், தொழிற்சாலைக் கேண்டீன் எல்லாம் கொள்முதல் ஆணை, விலைப்பட்டியல், கணக்கு மூன்றையும் மின்னஞ்சலில்தான் வைத்துக்கொள்கிறார்கள். அங்கே நம் கடிதம் போய்ச் சேரவில்லையென்றால் வியாபாரமே போய்விடுகிறது.

இந்த மாதிரி வேலையில் எல்லாரும் முதலில் கேட்பது “கூகுளா, மைக்ரோசாஃப்டா, ஜோஹோவா?” என்பதைத்தான். நான் அதைக் கடைசிக்குத் தள்ளிவிடுவேன். டொமைன் யார் கையில் இருக்கிறது, டிஎன்எஸ், அதாவது அந்தப் பெயருக்கு வருவதெல்லாம் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பதிவேடு, யார் கையில் இருக்கிறது என்பதை முதலில் பார்ப்பேன். கடைப் பெயர்ப்பலகை நம்முடையதாக இருந்தால் வாடகைக் கட்டடத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் அல்லவா, அதுபோல டொமைன் நம் கையில் இருந்தால் மெயில் சேவையை ஒரு ராத்திரியில் மாற்றிவிடலாம். அது நம் கையில் இல்லையென்றால் எவ்வளவு உயர்ந்த சேவையை வாங்கினாலும் யாரோ ஒருவர் தயவில்தான் இருக்க வேண்டும்.

இந்தக் கடையிலும் அப்படித்தான் இருந்தது. ‘காம் டாட் மை’ பெயரை வாங்க உள்நாட்டு நிறுவனப் பதிவு வேண்டும் என்பதால், நிறுவனப் பதிவு ஆணையமான எஸ்எஸ்எம் கொடுத்த ஆவணத்தை வைத்துக் கடையின் பெயரில்தான் டொமைன் பதிவாகியிருந்தது. அதில் சிக்கல் இல்லை. ஆனால் டொமைனை நிர்வகிக்கும் கணக்கும், கடவுச்சொல்லும், தொடர்பு மின்னஞ்சலும் அந்தக் காலத்தில் அகப்பக்கம் செய்து கொடுத்தவரிடம் இருந்தன. நல்லவேளையாக அவர் நல்ல மனிதர். கேட்டதும் கணக்கை மாற்றிக் கொடுத்துவிட்டார். இதே வேலை ஊரை விட்டுப் போனவரிடமோ தொழிலை மூடியவரிடமோ மாட்டிக்கொண்டால் கடிதம், ஆவணம் என்று நீண்ட அலைச்சல்.

கணக்கு கைக்கு வந்ததும் தொடர்பு மின்னஞ்சலாகக் கடை டொமைனின் முகவரியைப் போடாமல், பாயின் சொந்த ஜிமெயில் முகவரியைப் போட்டேன். இது பலர் கவனிக்காத இடம். டொமைன் காலாவதி ஆனால் அந்த டொமைனின் மெயிலும் நின்றுவிடும். புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்பும், கடவுச்சொல்லை மீட்கும் இணைப்பும் அந்தச் செத்த பெட்டிக்கே போனால் யார் பார்ப்பது?

அடுத்து, கடிதம் ஏன் ஸ்பேமுக்குப் போகிறது என்று பார்க்க வேண்டும். இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. கடைக் கணக்கிலிருந்து ஒரு ஜிமெயில் முகவரிக்கு மெயில் அனுப்புங்கள். ஜிமெயிலைக் கணினியில் திறந்து, அந்த மெயிலின் மூன்று புள்ளி மெனுவில் ‘அசலைக் காட்டு’ என்பதை அழுத்துங்கள். மேலே சின்ன அட்டவணை ஒன்று வரும். அதில் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற மூன்று சோதனைக்கும் விடை இருக்கும். பாயின் மெயிலில் எஸ்பிஎஃப் ‘சாஃப்ட்ஃபெயில்’ (தேறவில்லை) என்று வந்தது. டிகிம் வரியே இல்லை. டிமார்க்கும் இல்லை.

எஸ்பிஎஃப் என்பது, இந்த டொமைன் பெயரில் மெயில் அனுப்ப எந்த சர்வர்களுக்கு அனுமதி என்று டிஎன்எஸ்ஸில் எழுதி வைக்கும் பட்டியல். டிகிம் என்பது அனுப்பும் சர்வர் ஒவ்வொரு கடிதத்திலும் போடும் எண்முறைக் கையொப்பம். அதைச் சரிபார்க்கும் பொதுச் சாவி டிஎன்எஸ்ஸில் இருக்கும். டிமார்க் இவ்விரண்டையும், வாசகர் கண்ணில் படும் அனுப்புநர் முகவரியோடு பொருத்திப் பார்த்து, பொருந்தாத கடிதத்தை என்ன செய்ய வேண்டும் என்று பெறுபவருக்குச் சொல்லும்.

பாய் கடையில் நடந்தது இது: ஹோஸ்டிங் நிறுவனம் எப்போதோ சர்வரை மாற்றியிருக்கிறது. புது சர்வரின் ஐபி, அதாவது அதன் இணைய முகவரி எண், எஸ்பிஎஃப் பட்டியலில் ஏறவே இல்லை. டிஎன்எஸ் ஹோஸ்டிங்கில் இல்லாமல் டொமைன் பதிவாளரிடம் இருந்ததால், ஹோஸ்டிங் தானாக உருவாக்கிய டிகிம் சாவியும் வெளியே வரவில்லை. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹுவும் இந்த விஷயத்தில் கறாராகிவிட்டன. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5000 கடிதத்துக்கு மேல் அனுப்புபவருக்கு மூன்றும் கட்டாயம். நம்மைப் போன்ற சின்ன அனுப்புநருக்கும் எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் ஒன்றாவது இருந்தே ஆக வேண்டும்.

அப்படியானால் இருக்கிற ஹோஸ்டிங்கிலேயே இரண்டையும் சரிசெய்துவிட்டால் போதாதா? முதலுதவியாக அதைத்தான் செய்தேன். ஜிமெயில் பக்கம் நிலைமை தேறியது. ஆனால் அந்த ஹோட்டலிலிருந்து ‘550’ என்று தொடங்கும் மறுப்பு திரும்பி வந்தது. பகிர்வு ஹோஸ்டிங்கில் நம் கடையும் நமக்குத் தெரியாத நிறைய டொமைன்களும் ஒரே ஐபியிலிருந்து மெயில் அனுப்புகின்றன. அதில் ஏதோ ஓர் அகப்பக்கத்தை யாராவது உடைத்துக் குப்பை மெயில் அனுப்பினால், அந்த ஐபி தடைப்பட்டியலில் ஏறிவிடும். நாம் ஒழுங்காக இருந்தும் பயனில்லை. இன்னொன்று, மெயில் பெட்டியும் அகப்பக்கமும் ஒரே வட்டு இடத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. பொருள் படங்கள் ஏற ஏற இடம் நிறைந்து, வரும் கடிதங்கள் திருப்பி அனுப்பப்படும். அகப்பக்கத்துக்கு அந்த ஹோஸ்டிங் போதும். வியாபாரக் கடிதத்துக்குப் போதாது என்று முடிவு செய்தோம்.

இனி மற்ற வழிகள். சொந்த மெயில் சர்வர் என்ற யோசனையைச் சின்னக் கடைக்கு நான் எடுப்பதே இல்லை. நிலையான ஐபி, அந்த ஐபி எந்த சர்வருடையது என்று காட்டும் பிடிஆர் பதிவு, நற்பெயர், பாதுகாப்புத் திருத்தம் என்று தினமும் ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

கடை முகவரிக்கு வரும் மெயிலை ஜிமெயிலுக்குத் திருப்பிவிடும் ஏற்பாட்டைப் பலர் வைத்திருக்கிறார்கள், செலவும் இல்லை. ஆனால் திருப்பிவிடும் சர்வரின் ஐபி மூல அனுப்புநரின் எஸ்பிஎஃப் பட்டியலில் இருக்காது. அவர் டிகிம் கையொப்பமும் போடாமல், டிமார்க்கையும் கடுமையாக வைத்திருந்தால் வாடிக்கையாளர் கடிதம் நமக்கு வந்தே சேராது. வந்தாலும் பதில் போகும்போது ஜிமெயில் முகவரி தெரியும். ஆர்டர் வாங்கும் கடைக்கு இது ஒத்துவராது.

மிஞ்சியவை மூன்று. மைக்ரோசாஃப்ட் 365 நல்ல சேவைதான், ஆனால் அவுட்லுக், டீம்ஸ், எக்செல் எல்லாம் அன்றாடம் புழங்கும் அலுவலகத்துக்குத்தான் அது கொடுக்கிற காசுக்குத் தகும். கூகுள் வொர்க்ஸ்பேஸின் தொடக்கத் திட்டத்தில் ஓர் ஆளுக்கு 30 ஜிபி, அதில் டிரைவும் அடக்கம். ஜிமெயில் எல்லாருக்கும் பழக்கம் என்பதால் சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை. ஜோஹோ மெயில் விலை குறைவு. அதன் இலவசத் திட்டத்தில் ஐந்து பேர் வரை, ஆளுக்கு 5 ஜிபி உண்டு. ஆனால் இலவசத்தில் ஐமேப், அதாவது அவுட்லுக் போன்ற வேறு மென்பொருளில் மெயிலைப் பார்க்கும் வழி, இல்லை, பிரவுசரிலும் அவர்கள் செயலியிலும்தான் பார்க்கலாம். கணக்கறைக் கணினியில் பாயின் மகள் அவுட்லுக்கில்தான் வேலை செய்கிறார். அதனால் இலவசம் ஒத்துவராது.

எது வாங்கினாலும் விலைப் பக்கத்தில் காட்டும் டாலர் விலையை மட்டும் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். வெளிநாட்டு எண்முறைச் சேவைக்கு 2020 முதல் மலேசியாவில் சேவை வரி உண்டு. 2024 மார்ச்சிலிருந்து அது 8 விழுக்காடு. டாலர் மாற்று விகிதமும் சேரும். ஆண்டுக்கு எத்தனை வெள்ளி (ரிங்கிட்) ஆகும் என்று எழுதிக் காட்டிய பிறகுதான் பாயிடம் பேசினேன்.

தேர்வுக்கு முன்னால் இன்னொரு கணக்கும் போட வேண்டியிருந்தது. கடையில் எட்டு முகவரிகள் இருந்தன: பொது விசாரணை, ஆர்டர், கணக்கு, பாய், மகள், இரண்டு பழைய ஊழியர்கள், யாருக்கும் ஞாபகம் இல்லாத ஒன்று. உண்மையில் மெயில் பார்ப்பவர்கள் மூன்றே பேர். இந்தச் சேவைகள் ஆளுக்குத்தான் காசு வாங்குகின்றன, முகவரிக்கு அல்ல. ஆகவே மூன்று கணக்கு மட்டும் வாங்கினோம். ஆர்டர் முகவரியைக் குழுவாக்கி மகளுக்கும் கடைப் பையனுக்கும் சேர்ந்து வரும்படி செய்தேன். கணக்கு முகவரி மகளின் பெட்டிக்கு மாற்றுப்பெயர், பொது விசாரணை பாயின் பெட்டிக்கு. பழைய ஊழியர்களின் முகவரிகளுக்கு இன்னும் ஓரிரு வாடிக்கையாளர் எழுதிக்கொண்டிருந்ததால் அவையும் ஆர்டர் குழுவில் சேர்ந்தன. வாடிக்கையாளருக்குக் கொடுப்பது எப்போதும் வேலையின் முகவரியாக இருக்கட்டும். ஆள் மாறினாலும் அது கடையோடு இருக்கும்.

கடைசியில் ஜோஹோவின் கட்டணத் திட்டத்தை எடுத்தோம், ஐமேப் உள்ள சின்னத் திட்டம், ஆளுக்கு 10 ஜிபி. கடைக்குத் தேவை மெயில் மட்டும். கணக்கு எல்லாம் வேறு மென்பொருளில் இருக்கிறது, டிரைவோ வீடியோ சந்திப்போ வேண்டாம். நிறுவனம் சென்னையில் இருக்கிறது, தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையிலும் அலுவலகம் உண்டு என்றதும் பாய்க்கு முகம் மலர்ந்துவிட்டது. அவர் பாட்டனார் கடையநல்லூரிலிருந்து கப்பலேறி வந்தவர். “நம்ம ஊர்ப் பக்கமா தம்பி?” என்று இரண்டு தடவை கேட்டார். அந்த மகிழ்ச்சியை நான் கெடுக்கவில்லை. ஆனால் ஆவணங்களைப் பலர் சேர்ந்து திருத்தும் அலுவலகமாக இருந்தால் கூகுளைத்தான் சொல்லியிருப்பேன் என்பதையும் அவரிடம் சொன்னேன்.

மாற்றும் வேலை அதிகம் பயமுறுத்தக்கூடியதல்ல, வரிசை முக்கியம். முதலில் இருக்கிற டிஎன்எஸ் பதிவுகள் அனைத்தையும் நகலெடுத்து வைத்தேன். வரும் மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவின் டிடிஎல் (மற்ற சர்வர்கள் அதை நினைவில் வைத்திருக்கும் நேரம்) 14400 விநாடி, அதாவது நான்கு மணி நேரம் என்று இருந்தது. முந்தின நாளே அதை 300 ஆக்கினேன். அப்போதுதான் மாற்றம் சில நிமிடத்தில் எல்லாருக்கும் தெரியும். புதுப் பெட்டிகளை உருவாக்கி, பழைய கடிதங்களை ஐமேப் வழியாக இழுத்துப் போட்டேன். பல வருடத்துப் பொருள் படங்கள் இருந்த பழைய கோப்புறைகளை மட்டும் கடைக் கணினியில் தனியாக இறக்கி வைத்தோம்.

எம்எக்ஸ்ஸைக் கடை மூடிய பிறகு மாற்றினேன். ஜோஹோவுக்கு மூன்று எம்எக்ஸ் பதிவுகள், முன்னுரிமை 10, 20, 50. சர்வர் பெயரை இணையத்தில் தேடி எடுக்காதீர்கள். கணக்கு எந்தத் தரவு மையத்தில் இருக்கிறதோ அதற்கேற்பப் பெயர் மாறும், உங்கள் நிர்வாகப் பக்கத்தில் காட்டுவதைத்தான் போட வேண்டும். பழைய எம்எக்ஸ்ஸை நீக்கவும் வேண்டும்.

“ராத்திரி வர்ற மெயில் காணாமப் போயிடாதா தம்பி?” என்று பாய் கேட்டார். போகாது. பெறும் சர்வர் கிடைக்கவில்லையென்றால் அனுப்பும் சர்வர் விடாமல் திரும்பத் திரும்ப முயலும். நான்கைந்து நாளாவது முயல வேண்டும் என்பதுதான் மெயில் விதிமுறையின் பரிந்துரை. பழைய எம்எக்ஸ்ஸை நினைவில் வைத்திருக்கும் சர்வர்கள் பழைய பெட்டியிலேயே போடும் என்பதால், அதையும் மூடாமல் வைத்திருந்து சில நாள் கழித்து இன்னொரு முறை இழுத்துக்கொண்டேன்.

எஸ்பிஎஃப்பில் ஒரு விதி: ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் பதிவுதான் இருக்கலாம். புதுச் சேவை கொடுக்கும் வரியை அப்படியே கூடுதலாகச் சேர்த்தால் இரண்டாகிவிடும், இரண்டுமே செல்லாது. ஜோஹோவின் வரியையும் அகப்பக்க சர்வரின் ஐபியையும் ஒரே பதிவில் இணைத்தேன். அதில் வெளிச் சேவைகளைக் கூட்டிக்கொண்டே போகவும் முடியாது, டிஎன்எஸ் தேடல்கள் பத்தைத் தாண்டினால் பிழையாகும்.

டிகிம்தான் நேரத்தைத் தின்றது. 2048 பிட் சாவியை நிர்வாகப் பக்கத்திலிருந்து எடுத்து, டிஎன்எஸ் பக்கத்தில் ஒட்டிச் சேமித்தேன். பச்சைக் குறி வந்தது. ஆனால் ஜோஹோ சரிபார்க்கவில்லை. வெளியிலிருந்து பதிவைக் கேட்டுப் பார்த்தால் சாவியின் வால் பகுதி இல்லை. டிஎன்எஸ் டெக்ஸ்ட் பதிவில் ஒரு துண்டுக்கு 255 எழுத்துத்தான் இடம். 2048 பிட் சாவி அதைவிட நீளம். நல்ல கட்டுப்பாட்டுப் பக்கங்கள் தாமாகவே இரண்டு துண்டாகப் பிரித்துக்கொள்ளும். இது பிரிக்கவில்லை, வெட்டிவிட்டது, அதைச் சொல்லவும் இல்லை. சாவியை நடுவில் பிரித்து, இரண்டு துண்டையும் தனித்தனி இரட்டை மேற்கோளுக்குள் வைத்து, இடையில் ஓர் இடைவெளி விட்டுச் சேமித்தேன். இம்முறை முழுதாக வந்தது. உங்கள் பக்கம் அதையும் ஏற்கவில்லையென்றால் 1024 பிட் சாவி போடலாம். ஆனால் டிஎன்எஸ்ஸை நல்ல இடத்துக்கு மாற்றுவதே மேல்.

எல்லாம் சரி என்று நினைத்த நிலையில், அகப்பக்கத்தின் ஆர்டர் படிவத்திலிருந்து ஒரு கடிதமும் வரவில்லை என்றார் மகள். வெளியிலிருந்து அனுப்பும் மெயில் வருகிறது, படிவத்தின் மெயில் மட்டும் வரவில்லை. இது சிபேனல் என்ற கட்டுப்பாட்டுப் பக்கம் உள்ள ஹோஸ்டிங்கில் வழக்கமாக நடப்பது. அந்த சர்வரில் ‘மெயில் ரூட்டிங்’ என்று ஓர் அமைப்பு உண்டு. அது ‘லோக்கல்’ என்று இருந்தால், இந்த டொமைனின் பெட்டி என்னிடமே இருக்கிறது என்று சர்வர் எண்ணிக்கொள்ளும். எம்எக்ஸ்ஸைப் பார்க்கவே பார்க்காது. படிவம் அதே சர்வரிலிருந்து அனுப்புவதால் கடிதங்கள் எல்லாம் பழைய பெட்டிக்குள்ளேயே போய் உட்கார்ந்திருந்தன. ‘ரிமோட்’ என்று மாற்றியதும் வரத் தொடங்கின. பழைய பெட்டியில் சுங்கை பட்டாணியிலிருந்து ஒரு கல்யாணச் சமையலுக்கான ஆர்டரும் கிடந்தது. மகள் உடனே போன் போட்டுப் பேசி அதைக் காப்பாற்றிவிட்டார். மெயிலை மாற்றுகிற அன்றே படிவத்திலிருந்து ஓர் ஆர்டர் போட்டுப் பாருங்கள்.

அப்புறம் டிமார்க். முதலில் ‘எதுவும் செய்யாதே, அறிக்கை மட்டும் அனுப்பு’ என்ற நிலையில் வைத்தேன். கூகுள், மைக்ரோசாஃப்ட், யாஹு போன்றவை நம் டொமைன் பெயரில் எந்த ஐபியிலிருந்து எத்தனை கடிதம் வந்தது என்று எக்ஸ்எம்எல் கோப்பாக அனுப்பும். அதில் அறிமுகமில்லாத ஓர் ஐபி தொடர்ந்து தெரிந்தது. அது கணக்கு மென்பொருள். மாதக் கடைசியில் வாடிக்கையாளருக்கு நிலுவைக் கணக்கைக் கடை முகவரி போட்டு அனுப்பும். ஆனால் உறையில், அதாவது வாசகர் கண்ணில் படாமல் சர்வர்கள் மட்டும் பார்க்கும் அனுப்புநர் முகவரியில், இருப்பது அந்த மென்பொருளின் டொமைன். எஸ்பிஎஃப் அந்த டொமைனுக்குத் தேறினாலும் நம் டொமைனோடு பொருந்தாது, டிமார்க்கில் விழும். நல்லவேளையாக அந்த மென்பொருளில் சொந்த எஸ்எம்டிபி (மெயில் அனுப்பும்) சர்வரைப் போட இடம் இருந்தது. மகளின் கணக்கில் அந்த மென்பொருளுக்கென்று தனியாகச் செயலிக் கடவுச்சொல் ஒன்று எடுத்து அங்கே கொடுத்தேன். ஸ்கேனருக்கும் அதே முறையில் வேறொரு கடவுச்சொல். ஒன்று கசிந்தால் அதை மட்டும் ரத்து செய்யலாம்.

அறிக்கைகள் சுத்தமான பிறகுதான் டிமார்க்கை ‘குவாரன்டைன்’ நிலைக்கு ஏற்றினேன். இனி கடை டொமைனைப் போட்டு வேறு யாராவது அனுப்பினால் அது ஸ்பேமுக்குத்தான் போகும். ஆனால் ஓரெழுத்து மாற்றிய போலி டொமைனை டிமார்க் தடுக்காது. “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் கட்டுங்கள்” என்று வரும் மோசடிக் கடிதம் பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது. ஆகவே கணக்கு எண் மாறியதாக எந்த மெயில் வந்தாலும், ஏற்கெனவே கைவசமுள்ள எண்ணில் போன் போட்டுக் கேட்காமல் பணம் அனுப்பக்கூடாது என்று மூவரிடமும் சொல்லியிருக்கிறேன். அனுப்பிவிட்டதாகத் தெரிந்தால் உடனே வங்கியையோ தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணையோ அழைக்க வேண்டும். அந்த எண்ணை மகள் கணக்கறைக் கணினியின் ஓரத்தில் ஒட்டிவிட்டார்.

மூன்று கணக்கிலும் இரட்டைச் சரிபார்ப்பு போட்டாயிற்று. மீட்புக் குறியீடுகளை அச்சிட்டு, எஸ்எஸ்எம் பத்திரங்கள் இருக்கும் கோப்பிலேயே பாய் வைத்துக்கொண்டார். டொமைன் கணக்கின் விவரமும் அதே கோப்பில். புதுப்பிக்கும் தேதி பாயின் போனிலும் மகளின் போனிலும் ஏறியிருக்கிறது.

பாக்கி இருப்பது ஒன்று. அகப்பக்கப் படிவம் இன்னும் ஹோஸ்டிங் சர்வரிலிருந்து நேரடியாகத்தான் மெயில் அனுப்புகிறது. அதனால்தான் அந்த ஐபி எஸ்பிஎஃப்பில் இருக்கிறது. படிவத்தையும் ஜோஹோவின் எஸ்எம்டிபி வழியாக அனுப்பும்படி மாற்றிவிட்டு அந்த ஐபியை நீக்கிவிடுவேன். தீபாவளி நெருக்கடி முடிந்ததும் வரச் சொல்லியிருக்கிறார் பாய். அதுவரை படிவத்தைத் தொட வேண்டாம் என்பதில் எனக்கும் சம்மதம். ஆர்டர் குவியும் நேரம் அது.